பூரணை நாளில் இலங்கை யாத்திரை

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் அவருடைய துணைவியாரும், 2025ஆம் ஆண்டின் சித்திரா பௌர்ணமியன்று திருக்கோணமலையில் இருந்தே தீர வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தனர். அம்மையாரின் தாயார் திருக்கோணமலையில் பிறந்து, மணம் முடித்துச் சோழநாடு வந்தவர். முந்தைய ஆண்டு சிவபதம் அடைந்தார். ஈழத்துச் சைவர் மரபில், தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசை விரதத்தையும் தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமி விரதத்தையும் கைக்கொள்வர். தமிழகத்தில் சித்திரா பௌர்ணமி என்றால் சித்திரகுப்தர் நினைவுதான் முதலில் எழும். தாய்க்குரிய நாள் என்னும் வழக்கு ஈழத்தில் இன்றும் வலுவாக நிற்கிறது. பிறந்த மண்ணின் வழக்கப்படியே அன்னைக்கு விரதம் இருந்து, கோணேசப் பெருமான் சந்நிதியில் மோட்ச அருச்சனை செய்விக்க வேண்டும் என்பது அம்மையாரின் வேண்டுதல். இத்தகைய வேண்டுதலுக்கு வேறு நாள் பார்க்க இயலாது. பிரதோஷத்தை அடுத்த பிரதோஷத்துக்குத் தள்ளலாம். இதைத் தள்ளினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். எழுபத்து நான்கு வயதில் ஓராண்டு என்பது சிறிய காலமன்று.

கூடத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டி மே 12, திங்கட்கிழமை, சித்திரா பௌர்ணமி என்று காட்டியது. விமானச் சீட்டு எடுக்கப்பட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருக்கோணமலை செல்ல வேன் ஒன்றும் பேசி முடிக்கப்பட்டது. அந்நாட்காட்டி சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதே மே 12 இலங்கையில் வெசாக் பூரணை. மறுநாள் செவ்வாயும் வெசாக் விடுமுறை. முன்னிருந்த சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்தால் நான்கு நாள் தொடர் ஓய்வு. நாடே வீதிக்கு வந்துவிடும் நாள்கள் அவை.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. அதனைப் போயா தினம் என்பர். ஈழத் தமிழர் பூரணை தினம் என்றும் வழங்குவர். சில ஆண்டுகளில் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று. துருது, நவம், மெதின், பக், வெசாக், பொசொன், எசல, நிக்கினி, பினர, வப், இல், உந்துவப் என்பன சனவரி தொடங்கி வரும் பூரணைகளின் பெயர்கள். பதின்மூன்றாவது பூரணை புகும் ஆண்டில் ஒன்றுக்கு ‘அதி’ என்னும் அடைமொழி சேரும். நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதக் கணக்கே அங்கும் வேறு உருவில் நடக்கிறது என்று கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆம் தேதியும் 30ஆம் தேதியும் போயா நாள்களாக அமைந்தன. ஒரே மாதத்தில் இருமுறை வங்கி அடைத்திருந்தது கண்டு வியந்த வெளியூர்ப் பயணிகள் அவ்வாண்டு பலர்.

‘போயா’ என்னும் சொல் நமக்கு அந்நியமானதன்று. பாலி மொழியின் ‘உபோசத’ என்பதே சிங்களத்தில் தேய்ந்து போயா ஆயிற்று. அதன் வடமொழி மூலம் ‘உபவசத’. வேத காலத்தில் அமாவாசை, பௌர்ணமி வேள்விகளுக்கு முந்தைய நாளில் வேள்வி செய்வோன் உணவைக் குறைத்து, தீக்கு அருகிலேயே தங்கியிருப்பான். அருகில் வசித்தல் என்பதே சொல்லின் பொருள். ‘உபவாசம்’ என்று நாம் ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் சொல்லும் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பௌத்த சங்கத்தில் இவ்வழக்கம் நுழைந்த வரலாற்றை அவர்களுடைய விநய நூலாகிய மகாவக்கம் கூறுகிறது. மகத மன்னன் பிம்பிசாரன், பிற சமயத் துறவியர் பக்ஷத்தின் எட்டாம் நாளிலும் பதினான்கு, பதினைந்தாம் நாள்களிலும் கூடி அறம் உரைப்பதைக் கண்டான், புத்தரின் துறவியரும் அவ்வாறு கூடலாமே என்று வேண்டிக்கொண்டான், புத்தர் இசைந்தார். பாரதத்தின் பழைய விரத நாள் ஒன்றை எல்லாச் சமயத்தாரும் தத்தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கின்றனர் என்பதே இதன் செய்தி.

போயா நாளில் பௌத்த இல்லறத்தார் வெண்ணிற ஆடை உடுத்து விகாரை சென்று எட்டுச் சீலங்களை மேற்கொள்கின்றனர். கொல்லாமை, கள்ளாமை, பிரமசரியம், பொய்யாமை, கள்ளுண்ணாமை, நண்பகலுக்குப் பின் உணவு கொள்ளாமை, ஆடல் பாடல் அலங்காரம் தவிர்த்தல், உயர்ந்த படுக்கையைத் துறத்தல் என்பன அவை. ஏகாதசி விரதம் காக்கும் குடும்பத்தார்க்கு இவற்றில் புதியதாகத் தோன்றுவது ஒன்றோ இரண்டோதான்.

வாரமே நிலவைப் பின்பற்றி நடந்த காலமும் ஒன்று இலங்கையில் இருந்தது. 1966 முதல் 1971 வரை, சனி ஞாயிறுக்குப் பதிலாக அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைநிலா நாள்கள் ஆகியவற்றையே வார விடுமுறையாக அந்நாட்டு அரசு கொண்டிருந்தது. நிலவின் கால்பகுதி சரியாக ஏழு நாளில் முடிவதில்லை. ஆகவே சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும், புதன்கிழமை மூடியிருக்கும். தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் விழுங்கிய பின்னர், இராமேசுவரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய யாத்திரிகர், இன்று என்ன கிழமை என்று கேட்பதை விட்டு இன்று என்ன திதி என்று கேட்க வேண்டியிருந்த காலம் அது. வெளிநாட்டு வாணிகத்துக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராமையால் பழைய வாரம் மீண்டது. முழுநிலவு நாள் மட்டும் விடுமுறையாக நிலைத்தது.

இனி யாத்திரிகர்க்கு வேண்டிய செய்தி. இலங்கையின் விடுமுறைகள் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வணிக விடுமுறை என்று மூவகைப்படும். போயா மூன்றிலும் அடங்கும். அரசு அலுவலகம், அஞ்சலகம், வங்கி யாவும் அன்று மூடியிருக்கும். மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் சட்டப்படி அடைக்கப்படும். வெசாக் காலத்தில் அவ்வடைப்பு ஒரு நாளோடு நிற்பதுமில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடுகள் இதனைத்தான் பெரிய குறையாக முதலில் எழுதுகின்றன. திருக்கோயில் வழிபாட்டுக்காகக் கடல் கடந்து செல்வோர்க்கு இது குறையன்று, வசதியே. இடர் வேறிடத்தில் இருக்கிறது. பணம், மருந்து, வழி, தங்குமிடம் என்னும் நான்கிலும் இருக்கிறது.

பணத்தின் கதையை ஆசிரியரே இன்று சிரித்தபடி சொல்கிறார். ஞாயிறு மாலை விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கேயே வங்கிக் கவுண்டர்கள் திறந்திருந்தன. ஊருக்குள் மாற்றினால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எவரோ சொல்லியிருந்ததால் அவர் மாற்றவில்லை. இரவு நீர்கொழும்பில் தங்கினர். விடியற்காலையில் புறப்பட்டுக் குருநாகல் அடைந்தபோது வங்கிகள் யாவும் மூடிக் கிடந்தன. இயந்திரத்தில் அட்டையைச் செருகிப் பார்த்தார். அந்த அட்டை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைக்கப்படவில்லை. இந்திய வங்கி அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்தபடி தரப்படுகின்றன என்பதும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறக்க வேண்டும் என்பதும் அவர்க்கு அன்றுதான் தெரிந்தது. டீசலுக்குரிய பணத்தை ஓட்டுநரே தம் பையிலிருந்து கொடுத்தார். மலைநாட்டுத் தமிழ் இளைஞர் அவர். “பரவாயில்லை ஐயா, புதன்கிழமை பேங்க் திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்றாராம். முன்பின் அறியாத ஒருவரிடம் மூன்று நாள் கடன்பட்டு யாத்திரை செய்வது, நாற்பது ஆண்டுகள் மாணவர்க்குக் கணக்கான வாழ்வைக் கற்பித்த ஒருவர்க்கு எளிதாக இருந்திராது.

மருந்தைப் பொறுத்தவரை அம்மையார் முன்னெச்சரிக்கையாக இருந்தார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேல் ஐந்து நாள் கூடுதலாக எடுத்து வைத்திருந்தார். சிறு நகரங்களில் போயா நாளில் மருந்துக் கடை திறந்திருக்கும் என்று நம்பிச் செல்லுதல் தகாது. தனியார் மருத்துவர்கள் பலர் அன்று வருவதில்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு மட்டும் என்றும்போல் இயங்கும். இயலாத நேரத்தில் அங்குச் செல்வதே தக்கது. மருத்துவச் சீட்டின் நகலைக் கைப்பையில் வைத்திருப்பதும் உதவும். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடுமாதலால், மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டாக இருந்தால் மேலும் நன்று.

வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாப் போயாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை; ஒவ்வொரு பூரணையும் வெவ்வேறு திசையில் கூட்டத்தை இழுக்கும். சனவரியின் துருது பூரணையில் கொழும்பை அடுத்த களனி விகாரையின் பெரஹரா. பிப்ரவரியின் நவம் பூரணையில் கொழும்பு நகருக்குள்ளேயே கங்காராம விகாரையின் பெரஹரா. அந்நாள்களில் கொழும்பைக் கடக்க நேரம் பிடிக்கும், அவ்வளவே. சூன் மாதத்துப் பொசொன் அவ்வாறன்று. அசோகரின் மைந்தர் மகிந்தர் மிகிந்தலைக் குன்றில் தேவநம்பிய தீசனைச் சந்தித்த நாளாகப் பௌத்தர் அதனைப் போற்றுகின்றனர். அநுராதபுரமும் மிகிந்தலையும் அன்று மக்கள் கடலாகும். இதனால் யாழ்ப்பாணம் செல்வோர்க்கு என்ன என்று தோன்றலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் இருப்புப்பாதை அநுராதபுரத்தின் வழியாகவே செல்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை மிகிந்தலையைத் தொட்டே செல்கிறது. திருக்கேதீச்சரம் செல்ல மன்னார்ச் சாலை பிரிவது அதற்கு அப்பால் உள்ள மதவாச்சியில். ஆகவே நல்லூர்க் கந்தனையோ, பாலாவிக் கரையில் வீற்றிருக்கும் கேதீச்சர நாதரையோ நாடிச் செல்வோர் பொசொன் வாரத்தில் அந்தக் கூட்டத்தின் நடுவே நுழைந்தே வெளிவர வேண்டும். அவ்வாரத்தை விட்டுவிடுவதே முதியோர்க்கு நலம்.

எசல பூரணை நம்மவர்க்கு நெருக்கமானது. கதிர்காமத் திருவிழா அமாவாசையையொட்டித் தொடங்கி, எசல பூரணையையொட்டி மாணிக்க கங்கையில் தீர்த்தமாடலோடு நிறைவுறுகிறது. தமிழரும் சிங்களரும் ஒரே முருகனை வெவ்வேறு மொழியில் அழைக்கும் இடம் அது. அந்த நெரிசலில் நிற்க உடல் வலிமை வேண்டும். வலிமை குன்றியோர் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துச் சென்றால், திரைச்சீலையில் மயில்மேல் எழுந்தருளிய பெருமானை நின்று நிதானமாக வணங்கலாம். அடுத்து வரும் நிக்கினி பூரணையில் கண்டிப் பெரஹரா நிறைவுறும்; அதற்கு முந்தைய இரவுகளிலும் கண்டி நகரின் சாலைகள் பிற்பகலிலேயே அடைபடும். நுவரெலியாவுக்கு அருகில் சீதையம்மன் கோயிலுக்கும் றம்பொடை அனுமன் சந்நிதிக்கும் செல்ல விரும்புவோர் கண்டி வழியை விட்டு அட்டன் வழியாக மலையேறுவது எளிது. நல்லூர்ப் பெருந்திருவிழா அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிவதாதலால் நிக்கினிப் பூரணை அதன் நடுவில் வந்து போகும். அங்கு அதனால் வழிபாட்டுக்கு ஓர் இடையூறும் இல்லை. தெற்கிலிருந்து வருவோரால் விடுதிகள் நிரம்பும், அது ஒன்றுதான்.

சிவனொளிபாத மலைக்குரிய பருவமே இரண்டு பூரணைகளுக்கு இடைப்பட்டது. டிசம்பரில் உந்துவப் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணையில் அது முடிகிறது. பௌத்தர்க்கு அது புத்தரின் பாதம். நமக்குச் சிவபெருமானின் பாதம். இசுலாமியரும் கிறித்தவரும் ஆதாமின் பாதம் என்பர். 2,243 மீட்டர் உயர மலையில் ஆயிரக்கணக்கான படிகள். பருவகாலத்துப் பூரணை இரவுகளில் படியிலேயே மணிக்கணக்கில் நின்று, பாதி வழியில் பொழுது விடிவதைக் கண்டு இறங்கியோர் பலர். பெயரன் பெயர்த்தியரோடு செல்லும் குடும்பத்தார் அவர்களை மேலே அனுப்பினாலும், பூரணையல்லாத வாரநாளில் அனுப்புவதே அறிவு.

நயினாதீவும் இவ்வகையில் சேரும். நாகபூஷணி அம்மன் ஆலயம் இருக்கும் அதே சிறு தீவில் நாகதீப விகாரையும் இருக்கிறது. புத்தர் வந்த இடம் என்று சிங்கள பௌத்தர் திரளாக வருகின்றனர். குறிகட்டுவான் துறையில் படகுக்கான வரிசை போயாவை ஒட்டிய தொடர் விடுமுறைகளில் வெயிலில் நீளும். வெள்ளி அல்லது திங்களில் போயா அமைந்தால் அந்த மூன்று நாளும் இதே நிலைதான்.

நம் பஞ்சாங்கம் கொண்டே போயாவைக் கணித்துவிடலாம் என்று கருதுவோர் உண்டு. பெரும்பாலும் சரிதான், ஆயினும் ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. தைப்பூசமும் வைகாசி விசாகமும் பங்குனி உத்திரமும் நட்சத்திரத்தைக் கொண்டு அமைவன. போயா திதியைக் கொண்டு அமைவது. 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, நவம் போயா மறுநாள் 12. 2024இல் வைகாசி விசாகம் மே 22, வெசாக் மறுநாள் 23. தரிசனத்துக்கு முதல் நாள் சிரமமின்றிச் சென்றவர் ஊர் திரும்பும் நாளில் சிக்கிக்கொள்வது இதனால்தான். மாதக் கணக்கிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழ் மாதம் கதிரவனைப் பின்பற்றுவது; சிங்களரின் பூரணைப் பெயர்கள் சந்திர மாதத்தைப் பின்பற்றுவன. 2024இல் சித்திரா பௌர்ணமி ஏப்ரல் 23 அன்று வந்தது. அங்கு அது அமைதியான பக் பூரணை. 2025இல் சித்திரா பௌர்ணமி மே 12 அன்று வந்தது; அங்கு அது ஆண்டின் மிகப் பெரிய பூரணையாகிய வெசாக். ஒரே விரதம், ஒரே தலம். ஓராண்டு இடைவெளியில் இரு வேறு உலகங்கள். தாயார் ஓராண்டு முன்னரே மறைந்திருந்தால் வழி எளிதாக இருந்திருக்கும் என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டார். அதன்பின் அன்று முழுவதும் அம்மையார் அவரோடு பேசவில்லை.

அந்த வெசாக் நாளில் குருநாகலைத் தாண்டியதிலிருந்து வேன் ஊர்ந்தே சென்றது. வழிநெடுகத் தாள் விளக்குக் கூடுகள், வண்ணக் கொடிகள், வெண்ணிற ஆடையில் விகாரைக்கு நடக்கும் குடும்பங்கள். தம்புள்ளைக்கு அப்பால் ஓரிடத்தில் இளைஞர்கள் சாலையின் குறுக்கே கொடி வீசி வேனை நிறுத்தினர். கலவரமோ என்று அம்மையார் அஞ்சினார். “தன்சல் அம்மா. நம்ம ஊர் அன்னதானம் மாதிரி. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மறிக்கிறார்கள்” என்றார் ஓட்டுநர். வெசாக்கிலும் பொசொனிலும் ஊர்தோறும் இப்பந்தல்கள் எழும். சோறு, கடலை, தேநீர், பானகம் என்று இயன்றதை வழிப்போக்கர்க்கு வழங்குவர். சாதி, சமயம், நாடு எதையும் கேட்பதில்லை. மறுத்துச் செல்லுதல் மனத்தை வருத்தும். பசியில்லையெனில் ஒரு வாய்த் தேநீரேனும் பெற்றுக்கொள்வது மரபு. தன்சல்களுக்காக ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு புறப்படாதது வேனின் குற்றமன்று. பயணம் வகுத்தவரின் குற்றம்.

அம்மையார் விரதம். ஆசிரியர் இறங்கித் தேநீர் பெற்றுக்கொண்டார். அம்மையார் இறங்கவில்லை. பந்தலை ஒட்டியிருந்த விகாரையின் வாயிலில் வெண்சேலை உடுத்த மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். அம்மையாரின் வயதே இருக்கும். வேனுக்குள் உண்ணாமல் ஒருவர் இருப்பதைக் கண்டு எழுந்து வந்து, கையால் ஏதோ கேட்டார். அம்மையார்க்குச் சிங்களம் தெரியாது. மறுக்கும் வகை தெரியாமல், கைகூப்பி, “உபவாசம்” என்றார். மூதாட்டி முகம் மலர்ந்து, தம் மார்பைத் தொட்டு, “உபவாச, சில், சில்” என்றாராம். நண்பகலுக்குப் பின் தாமும் உண்பதில்லை, சீலம் காக்கிறேன் என்பது அதன் பொருள் என்று ஓட்டுநர் பின்னர் விளக்கினார். மூதாட்டி உள்ளே சென்று ஒரு செம்பில் தண்ணீர் கொணர்ந்து கொடுத்தார். விரதத்துக்குத் தண்ணீர் விலக்கன்று. அம்மையார் அருந்தினார்.

திருக்கோணமலையை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி கடந்துவிட்டது. உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தப்பெற்றிருந்தது. பழைய கோட்டை வாயிலிலேயே வண்டிகள் அடைத்து நின்றன. தெற்கிலிருந்து வந்த உல்லாசப் பயணிகள் மான்களுக்குத் தீனி கொடுத்துக்கொண்டிருந்தனர். சுவாமிமலை உச்சிவரை வேன் செல்ல வழியில்லை. முழங்கால் வலியோடு எழுபத்து நான்கு வயது மூதாட்டி அந்த ஏற்றத்தை நடந்தே ஏறினார். வழியில் மூன்று இடத்தில் அமர்ந்தார். மூன்றாம் இடத்தில், “என்னங்க, அம்மா இந்தப் பாதையில்தான் சின்ன வயசில் ஓடியிருப்பாங்க இல்லையா?” என்று கேட்டார். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

காலையில் செய்விக்க எண்ணிய அருச்சனை மாலையில்தான் வாய்த்தது. ஒருவகையில் அதுவே பொருத்தம் என்று கோயிலில் இருந்த முதியவர் ஒருவர் ஆறுதல் சொன்னாராம். ஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடிப் பரவிய கோணமாமலை கிழக்கே கடலை நோக்கி நிற்பது. அதன் கீழே செங்குத்தாக இறங்கும் பாறைப் பிளவை இராவணன் வெட்டு என்பர். பூரணையன்று கதிரவன் மேற்கே மறையும் வேளையில் எதிரே கடலிலிருந்து முழுநிலவு எழும். காலையில் வந்து நண்பகலில் திரும்புவோர் காணாத காட்சி அது. சிவாசாரியார் தாயாரின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயரைச் சொன்ன அம்மையார்க்கு நட்சத்திரம் தொண்டையில் நின்றுவிட்டது, ஆசிரியர்தாம் சொன்னார். மாதுமை அம்பாள் சந்நிதியில் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்தபோது நிலவு ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. சுற்றிலும் நின்றவர்களில் பாதிப்பேர் சிங்களக் குடும்பங்கள். அவர்களும் கைகூப்பி நின்றனர்.

மறுநாள் செவ்வாயும் வங்கி இல்லை. விடுதிக்காரர் வாடகை கேட்கவில்லை. சைவக் கடையில் இட்டலிக்கும் கணக்கு எழுதிக்கொண்டனர். புதன் காலை ஒன்பது மணிக்கு வங்கி திறந்ததும் உள்ளே நுழைந்த முதல் வாடிக்கையாளர் ஆசிரியரே. விடுதிக்கும் கடைக்கும் கொடுத்துவிட்டு, ஓட்டுநர்க்கு டீசல் பணத்தோடு சிறிது கூடுதலாக எண்ணி வைத்தார். ஓட்டுநர் எண்ணிப் பார்த்து, கூடுதலை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அம்மையார் அதை வாங்கி, திரும்பும் வழியில் தம்புள்ளைக்கு அருகே அந்த விகாரையின் உண்டியலில் இடச் சொன்னார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூதாட்டி அங்கு இல்லை.